மூன்றாவது ஞாயிறு அந்த முகம் எங்கே?

ஐயரம்மா பதில்கள்

போன இதழில் ஒரு வாசகர், "சபைக்குப் புதிதாக வருகிறவர்கள் ஏன் நிலைப்பதில்லை?" என்று கேட்டிருந்தார். "அவர்களிடம் யாரும் ஒரு வேலை சொல்லாததால்" என்று ஒரே வரியில் பதில் எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்து குவிந்த கடிதங்களைப் பார்த்ததும், இந்தத் தடவை முழுப் பகுதியையும் இதற்கே கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்துவிட்டேன். எனக்கும் இதில் சொல்ல நிறைய இருக்கிறது. என் கணவர் சபைப் போதகர், ஊருக்கெல்லாம் ஐயர். அவர் ஓய்வு பெறும்வரை 34 வருஷத்தில் 9 சேகரங்கள் (ஒரு போதகரின் பொறுப்பில் உள்ள சபைத் தொகுதிகள்) மாறினோம். 9 தடவை, தெரியாத ஊரில், தெரியாத முகங்களுக்கு நடுவே, முதல் ஞாயிறு கோயிலுக்குள் கால் வைத்தவள் நான்.

கேள்வி: கல்யாணமாகி நாசரேத் பக்கத்திலிருந்து இங்கே வந்து எட்டு மாதம் ஆகிறது. கணவருக்கு ஷிஃப்ட் வேலை என்பதால் கோயிலுக்குப் பெரும்பாலும் தனியாகத்தான் போகிறேன். ஆராதனை முடிந்ததும் எல்லாரும் கூட்டம் கூட்டமாக நின்று பேசுகிறார்கள். என்னிடம் இதுவரை கேட்ட ஒரே கேள்வி, "எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை?" பதில் சொன்னதும் "அப்படியா" என்று நகர்ந்துவிடுகிறார்கள். ஊரில் பாடகர் குழுவில் இருந்தவள் நான். இங்கே பாட்டுப் புத்தகத்தைத் திறக்கவே மனசு வரவில்லை. வேறு சபைக்குப் போய்விடலாமா?
(ஒரு வாசகி, ஆவடி)

மகளே, புத்தகத்தைத் திறக்க மனசு வரவில்லை என்று நீ எழுதிய இடத்தில் கடிதத்தைக் கொஞ்ச நேரம் மடியில் வைத்துவிட்டேன். பாடத் தெரிந்தவள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது எவ்வளவு பாரம் என்று எனக்குத் தெரியும்.

முதலில் அந்தக் கேள்வியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். "யார் வீட்டுப் பிள்ளை?" என்று நம் பக்கத்தில் பாசத்திலும் கேட்பார்கள். ஊர்ப் பெயரைச் சொன்னதும், "அட, எங்க சித்தியைக் கட்டிக்கொடுத்த ஊராச்சே" என்று ஒரு நிமிஷத்தில் உறவு பிடித்துவிடுவார்கள். ஆனால் இதே கேள்வியைச் சாதி தெரிந்துகொள்ளவும் கேட்கிறார்கள். பதில் வந்ததும் முகம் மாறி நகர்கிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். உனக்கு நடந்தது எது என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. இரண்டாவதுதான் என்றால் குற்றம் முழுவதும் அந்தச் சபையாருடையது, உன்னிடத்தில் ஒன்றுமில்லை.

1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை உடனே, அடியோடு ஒழிய வேண்டும் என்று தென்னிந்திய சபைகளுக்குக் கடிதம் எழுதினார். அதை ஏற்க மாட்டாமல் தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். 190 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்னமும் கோயில் வாசலில் ஒரு பெண்பிள்ளை தன் ஊர்ப் பெயரைச் சொல்லத் தயங்குகிறாள் என்றால் எனக்கு அது ஆறாத வேதனை. யாக்கோபு நிருபம் 2ஆம் அதிகாரத்தில், நல்ல துணி உடுத்தி வந்தவனுக்கு நல்ல இடம், ஏழைக்கு "நீ அங்கே நில்லு" என்று சொல்கிறவர்களைப் பற்றி வாசிக்கிறோம். உன்னை யாரும் நில் என்று சொல்லவில்லை. ஆனாலும் எட்டு மாதமாய் நின்றுகொண்டுதான் இருக்கிறாய்.

வேறு சபைக்குப் போவதில் பாவம் ஒன்றும் இல்லை. போகிற முன் ஒரு காரியம் செய்து பார். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் முயற்சி செய்யாதே, அன்று யாருக்கும் யாரையும் பார்க்க நேரம் இருக்காது. பாட்டுப் பயிற்சி என்றைக்கு என்று கோயிலைக் கவனித்துக்கொள்ளும் கோயில் பிள்ளையிடம் விசாரித்து அந்தச் சாயங்காலம் போ. பாடகர் குழுத் தலைவரிடம், "ஊரில் இந்தக் குரல் பாடினேன், இங்கேயும் பாட ஆசை" என்று நேராகச் சொல். நாங்கள் இருந்த 9 சேகரத்திலும் ஆல்ட்டோ பாட ஆள் போதாமல்தான் இருந்தது. ஊர் ஐயரிடம் சபை மாற்றத்துக்கு ஒரு கடிதம் வாங்கி, இங்குள்ள ஐயரிடம் கையிலேயே கொடு. அந்தக் கடிதத்தோடு போனால், "ஏதோ ஒரு பெண் வருகிறாள்" என்ற நிலை போய் அவருடைய புத்தகத்தில் உன் பெயர் ஏறும்.

அப்புறம் இன்னொன்று. அடுத்த ஞாயிறு செருப்பு போட்டுக்கொள்கிற இடத்தில் நின்று பார். உன்னைப்போலத் தனியாகக் கிளம்புகிற ஒருத்தி கண்டிப்பாக இருப்பாள். அவளிடம் ஊர் கேட்காமல் பெயரைக் கேள்.

கேள்வி: எங்கள் சேகரத்தில் வரவேற்புக் குறை எதுவும் இல்லை. புதியவர்களை ஆராதனை நடுவில் எழுந்து நிற்கச் சொல்லி, பெயர் கேட்டு, கைதட்டி, வசன அட்டையும் பேனாவும் கொடுக்கிறோம். இரண்டாம் ஞாயிறு வருகிறார்கள். மூன்றாம் ஞாயிறு காணோம். எங்கே தவறுகிறோம்?
(சேகரச் செயலர், மதுரை)

தம்பி, எங்கள் நாலாவது சேகரத்தில் நாங்களும் இதையேதான் செய்தோம். ஒரு ஞாயிறு ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் வந்து கடைசி பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். "புதிதாக வந்திருக்கிற சகோதரர் எழுந்து நிற்கலாம்" என்றதும் தயங்கித் தயங்கி எழுந்தார். பெயர் சொன்னார். சத்தம் வெளியே வரவில்லை. "கொஞ்சம் சத்தமாக" என்று முன்னாலிருந்து ஒருவர் சொன்னார். கைதட்டினோம். ஒரு வாலிபன் ஓடிப் போய் காலண்டரைக் கையில் கொடுத்தான். அந்த வாரம் ஐயர் அவர் வீட்டைத் தேடிப் போனபோதுதான் தெரிந்தது, மனைவியை அடக்கம் செய்து பதினெட்டு நாள் ஆகியிருந்தது. வீட்டில் தனியாக இருக்க முடியாமல், எங்காவது சத்தமில்லாமல் உட்கார வேண்டும் என்று வந்திருக்கிறார். அந்த மனிதரை நிறுத்திவைத்துக் கைதட்டியிருக்கிறோம். கைதட்டியவர்களில் நானும் ஒருத்தி. அவர் திரும்ப வரவே இல்லை. அடுத்த ஞாயிறோடு ஐயர் அந்த வழக்கத்தை நிறுத்திவிட்டார்.

புதிதாக வருகிறவர் கோயில் முழுக்கத் தன்னைத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று நினைப்பதில்லை. பக்கத்தில் இருக்கிற ஒருவர் கவனித்தால் போதும் என்றுதான் இருக்கும். பலகையில் பாட்டு எண்ணைப் போட்டுவிடுகிறோம். அது பாமாலைப் புத்தகத்து எண்ணா, கீர்த்தனைப் புத்தகத்து எண்ணா என்று பழகிய நமக்குத் தெரியும், அவருக்கு எப்படித் தெரியும்? புத்தகமே இல்லாமல் நிற்பார். அந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பவர் தன் புத்தகத்தை அவர் பக்கம் நகர்த்தி, பாடுகிற வரிக்குக் கீழே கட்டைவிரலை வைத்துக் காட்டினால், அதைவிடப் பெரிய வரவேற்பு எனக்குத் தெரிந்து இல்லை.

நம் திருவிருந்து ஆராதனையிலேயே இதற்கு வழி இருக்கிறது. தென்னிந்திய திருச்சபை 1947இல் உண்டாகி, 1950இல் தன் சொந்த ஆராதனை முறையை வெளியிட்டபோது, கேரளத்துச் சிரியன் சபையாரிடமிருந்து சமாதானம் கொடுக்கிற வழக்கத்தை எடுத்துச் சேர்த்தார்கள். வலது உள்ளங்கையோடு வலது உள்ளங்கையை வைத்து, இடது கையால் மற்றவரின் வலது கையை மூடிக்கொள்வது. அப்புறம் உலகத்தில் எத்தனையோ சபைகள் நம்மைப் பார்த்து இதைத் திருப்பிக் கொண்டுவந்தன. அப்பேர்ப்பட்ட காரியத்தை நாம் இப்போது என்ன செய்கிறோம்? தூரத்திலிருந்தே கும்பிட்டு, வேண்டியவர்களைப் பார்த்துத் தலையாட்டி முடித்துவிடுகிறோம். உங்கள் சேகரத்தில் அதை நிதானமாக, பெஞ்சு பெஞ்சாக, ஒருவரையும் விடாமல் கொடுக்கச் சொல்லுங்கள். இரண்டு நிமிஷம் கூடுதலாகும், பரவாயில்லை.

இனி அந்த மூன்றாம் ஞாயிறு. முதல் ஞாயிறு வந்தவர் வீட்டுக்குப் புதன்கிழமைக்குள் யாராவது போக வேண்டும். ஐயரோ கமிட்டியோ போக வேண்டும் என்பதில்லை, அதே தெருவில் இருக்கிற சபையார் வீடு போதும். பத்து நிமிஷம் இருந்து, ஒரு சின்ன ஜெபம் பண்ணிவிட்டு வந்துவிட வேண்டும். இரண்டாம் ஞாயிறு அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட இரண்டு பேராவது இருக்க வேண்டும். மூன்றாம் ஞாயிறு ஒரு சின்ன வேலை சொல்லுங்கள். ஆராதனை முடிந்ததும் பாட்டுப் புத்தகங்களை அடுக்கலாம், ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குச் சுண்டல் பொட்டலம் கட்டலாம். "இன்னும் பழகவில்லையே, எப்படிச் சொல்வது?" என்று காத்திருக்காதீர்கள், சொன்னால்தான் பழகுவார்.

கண்டிப்பாகச் செய்யக் கூடாதது ஒன்று உண்டு. சங்கக் காணிக்கை, கட்டட நிதி என்று ரசீதுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு முதல் மூன்று மாதம் அவர் வீட்டுப் படி ஏறாதீர்கள்.

கேள்வி: எங்கள் சபையில் எல்லா வேலையையும் அதே நாலு குடும்பம்தான் செய்கிறது. நாங்களும் களைத்துப்போனோம். மற்றவர்களைக் கேட்டால், "நீங்கதான் நல்லாச் செய்யறீங்களே" என்கிறார்கள். சபையார் எல்லாரையும் ஈடுபட வைப்பது எப்படி?
(ஒரு வாசகர், சாத்தான்குளம் வட்டாரம்)

என்னைக் கோபிக்க மாட்டீர்கள் என்ற நம்பிக்கையில் கேட்கிறேன். அந்த நாலு குடும்பத்துக்கும் சாவியைக் கொடுக்க மனசு இருக்கிறதா? சபையார் சேர்ந்து சமைத்துச் சாப்பிடுகிற அசனப் பண்டிகையில் சாம்பாருக்கு உப்புப் போடுகிறவர் இருபது வருஷமாக ஒரே ஆள் என்றால், புதிதாக ஒருவர் கரண்டியைத் தொடும்போது அவர் முகம் எப்படி ஆகும் என்று எனக்குத் தெரியும்.

அசனம் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. எங்கள் இரண்டாவது சேகரம். நாங்கள் போய்ச் சேர்ந்து ஒரு மாதத்தில் அசனம் வந்தது. முந்தின நாள் ராத்திரி கோயில் வளாகத்தில் காய் வெட்டு. ஐயரம்மா என்று எனக்கு ஒரு நாற்காலி போட்டு, மின்விசிறியை என் பக்கம் திருப்பி, காப்பி கொடுத்து உட்காரவைத்துவிட்டார்கள். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் எனக்கு அழுகை வந்துகொண்டிருந்தது. பத்தடி தள்ளிச் சாக்கு விரித்து, இருபது இருபத்தைந்து பெண்கள் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். யார் எதற்குச் சிரிக்கிறார்கள் என்றே எனக்குப் புரியவில்லை. அப்போது ஒரு பாட்டி, பல் இரண்டோ மூன்றோதான் இருக்கும், என்னைப் பார்த்து, "ஐயரம்மா, சும்மாதான இருக்கிய, இந்தப் பூண்ட உரிங்க" என்று ஒரு சொளவை (முறத்தை) என் பக்கம் தள்ளினார். மற்றவர்கள் பதறிப்போய் பாட்டியை அதட்டினார்கள். நான் அதற்குள் நாற்காலியை விட்டு இறங்கிச் சாக்கில் உட்கார்ந்துவிட்டேன். பூண்டுத் தோல் குவியக் குவிய, யார் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள், யார் வீட்டில் கிணறு வற்றிவிட்டது, யார் யாரோடு பேசுவதில்லை, எல்லாம் என் காதுக்கு வந்துவிட்டது. ராத்திரி ஒரு மணிக்கு நகக்கண் எரிய எரிய வீட்டுக்குப் போனேன். அந்தச் சேகரம் என்னுடையதானது அன்றைக்குத்தான்.

நீங்கள் பொதுவாக அறிவிப்புக் கொடுத்து ஆள் கேட்டிருப்பீர்கள். "விருப்பமுள்ளவர்கள் முன்வரலாம்" என்றால் முன்வருவது அதே நாலு பேர்தான். அந்தப் பாட்டியைப்போல ஓர் ஆளைப் பார்த்து, ஒரு குறிப்பிட்ட வேலையை, சொளவோடு தள்ளுங்கள்.

அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள். எருசலேம் சபையில் கிரேக்க மொழி பேசுகிறவர்கள், தங்கள் விதவைகளைச் சரியாக விசாரிப்பதில்லை என்று முறுமுறுத்தார்கள். பந்தி விசாரணைக்கு ஏழு பேரைத் தெரிந்தெடுத்தார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர். முறுமுறுத்தவர்கள் பக்கத்து ஆட்களிடமே சமையலறைச் சாவியைக் கொடுத்துவிட்டார்கள் என்றுதான் நான் இதை வாசிக்கிறேன். அதிலும் கடைசி ஆளான நிக்கொலா யூதனாகப் பிறந்தவன்கூட இல்லை, அந்தியோகியாவிலிருந்து வந்து சேர்ந்தவன். உங்கள் சபையில் மூலையில் நின்று குறை சொல்கிறவர் யாரோ, அவரைத்தான் அடுத்த அசனத்துக்குப் பந்தி பார்க்கக் கூப்பிட வேண்டும்.

உங்கள் ஊருக்குப் பக்கத்து வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா பேராயர் இதை நன்றாக அறிந்தவர். 1912இல் தோர்ணக்கல்லுக்கு ஆயராகப் போனபின், ஞானஸ்நானம் பெறுகிற ஒவ்வொருவரையும் தம் கையைத் தம் தலையிலேயே வைத்து, "நான் ஞானஸ்நானம் பெற்றவன், சுவிசேஷத்தைப் பிரசங்கியாதிருந்தால் எனக்கு ஐயோ" என்று சொல்ல வைத்தார். எழுதப் படிக்கத் தெரியாத ஏழைக் கூலி ஜனங்கள் அவர்களில் எத்தனையோ பேர். "முதலில் பத்து வருஷம் உட்கார்ந்து கேள், அப்புறம் பார்க்கலாம்" என்று அவர் சொல்லவில்லை. சேர்ந்த அன்றைக்கே வேலை கொடுத்தார்.

உங்கள் களைப்பையும் நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்த வருஷம், காணிக்கைப் பொருள்களை ஏலம் விடுகிற ஸ்தோத்திரப் பண்டிகைப் பொறுப்பை முழுவதுமாக விட்டுக்கொடுங்கள். ஏலம் கொஞ்சம் குழம்பும், கணக்கு எழுதுவது தாமதமாகும். வாயைத் திறக்காமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பாருங்கள்.

கேள்வி: எங்கள் கோயிலுக்கு ஜார்க்கண்ட், ஒடிசாவிலிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்த பிள்ளைகள் பத்துப் பதினைந்து பேர் ஞாயிறுதோறும் வந்து பின்னால் உட்காருகிறார்கள். தமிழ் தெரியாது. ஆராதனை முடிந்ததும் போய்விடுகிறார்கள். என்ன செய்யலாம்?
(ஒரு வாசகி, திருப்பூர்)

ஒரு வார்த்தை புரியாமல் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகிறார்கள், அடுத்த வாரமும் வருகிறார்கள். அந்தத் தாகத்தை முதலில் மதிக்க வேண்டும்.

அவர்கள் நேற்று வந்த கிறிஸ்தவர்கள் இல்லை. 1845இல் காஸ்னர் மிஷனைச் சேர்ந்த ஜெர்மன் மிஷனரிகள் ராஞ்சியில் வந்து இறங்கினார்கள். முண்டா, ஓராவோன் மக்களிடையே அப்படி வளர்ந்தது பெரிய சபை. பாளையங்கோட்டையில் 1820 முதல் ஊழியம் செய்த நம் ரேனியஸ் ஐயரும் ஜெர்மானியர்தான். இரண்டு பேருக்கும் ஒரே மாதிரிக் கதை.

ஐயரிடம் சொல்லி, மாதம் ஒரு ஞாயிறு வேதபாடத்தில் ஒன்றை அவர்களில் ஒருவர் ஹிந்தியில் வாசிக்கட்டும். அவர்கள் ஊர்ப் பாட்டு ஒன்றைப் பாடச் சொல்லுங்கள். "ஜெய் மசீஹ் கீ" என்று கைகுவித்துச் சொன்னாலே முகம் மலர்ந்துவிடும். அறைகளில் நெருக்கியடித்துத் தங்கியிருப்பார்கள். கிறிஸ்துமஸ் அன்று ஆளுக்கு இரண்டு பேராக உங்கள் வீடுகளுக்குச் சாப்பாட்டுக்குக் கூட்டிப் போங்கள். பொட்டலம் கட்டி அறைக்கு அனுப்ப வேண்டாம், உங்களோடு உட்கார்ந்து சாப்பிடட்டும்.

மேலே சொன்ன அதே அசரியா, 1910இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில் பேசினார். 35 வயது அப்போது. எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள். ஏழைகளுக்கு அன்னதானம் செய்தீர்கள், உங்கள் சரீரத்தைச் சுட்டெரிக்கக் கொடுத்தீர்கள், எங்களுக்கு அன்பும் வேண்டும் என்று சொல்லி, கடைசியில் "எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள்" என்று கேட்டார். அன்றைக்கு நம் ஆள் கேட்டதைத்தான் இன்றைக்கு அந்தப் பிள்ளைகள் பின் பெஞ்சில் உட்கார்ந்து வாய் திறவாமல் கேட்கிறார்கள்.

கேள்வி: என் அம்மாவுக்கு 81 வயது. ஞாயிறு பள்ளி ஆசிரியையாக நாற்பது வருஷம் இருந்தவர். இப்போது நாற்காலியை விட்டு எழ முடியாது. "சபைக்கு இனி என்னால் என்ன பிரயோஜனம்" என்று அழுகிறார். என்ன சொல்லித் தேற்றுவது?
(ஒரு வாசகர், கோயம்புத்தூர்)

தேற்ற வேண்டாம், வேலை கொடுங்கள். எங்கள் ஏழாவது சேகரத்தில் படுக்கையில் இருந்த ஒரு ஆசிரியை அம்மாவிடம், கோயிலுக்குப் புதிதாக வருகிறவர்களின் பெயர், போன் நம்பர், பிள்ளைகள் பெயர், பிறந்தநாள் எல்லாவற்றையும் ஐயர் வாரா வாரம் எழுதிக் கொடுத்துவிடுவார். அந்த அம்மா தினமும் காலையில் இரண்டு பேருக்கு ஜெபம் பண்ணுவார், சாயங்காலம் ஒருவருக்குப் போன் போடுவார். "நான் கோயில்ல இருந்து பேசுறேன், உங்க சின்னவனுக்குக் காய்ச்சல் விட்டுதா?" என்பார். முகமே பார்த்திராத அந்த அம்மாவைப் பார்க்க, புதிதாக வந்த குடும்பங்கள் வீடு தேடிப் போனார்கள். அவரை அடக்கம் செய்த நாளில் பெட்டியைத் தூக்கிய ஆறு பேரில் நாலு பேர், அவருடைய நோட்டில் முதலில் பெயராக மட்டும் இருந்தவர்கள்.

ஐயரிடம் இந்த வாரமே பேசிவிடுங்கள். நோட்டுக்கு ஒரு பழைய டைரி போதும். பேனா மட்டும் தடிமனாக எழுதுவதாகப் பார்த்து வாங்கிக் கொடுங்கள், இந்த வயதில் மெல்லிய எழுத்து அவருக்கே திரும்ப வாசிக்க வராது.